லிட்டருக்கு எத்தனை?

நம் ஊரில் ஒருவன் கார் வாங்கிவிட்டால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது?" பெண் பார்க்கப் போன இடத்தில், "குழந்தைக்குப் பாட்டு வருமா?" என்று கேட்பார்களே, அந்த மாதிரி. பதிலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

என் அக்காள் பிள்ளை 2023-ம் வருஷம் ஜனவரி மாதம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். புதுக் கார் அல்ல. ஏற்கனவே ஒருவர் வைத்திருந்து அலுத்துப்போனது. இரத்தச் சிவப்பு. கதவு இரண்டு; ஆசனமும் இரண்டுதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பதுங்கிய பூனையைப்போல, வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வந்து நின்றது.

அக்காள் அதைச் சுற்றி ஒரு முறை வந்தாள். "இதிலே பிள்ளை குட்டி எங்கேடா உட்காரும்?" என்றாள்.

"முதலில் கல்யாணம் ஆகட்டும், அம்மா" என்றான் அவன்.

"இதைப் பார்த்த பிறகு எவன் பெண் கொடுப்பான்?" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டாள்.

என் முறை வந்தது. வேறு என்ன கேட்பேன்? "லிட்டருக்கு எத்தனை?" என்றேன்.

"மாமா, ஊருக்குள்ளே ஒன்பது வந்தால் அதிர்ஷ்டம்" என்றான்.

எனக்குப் பகீரென்றது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காரைக் கண்டதும் எனக்குள்ளே வேறு ஒருவன் விழித்துக்கொண்டான். 1960-களில், பள்ளிக்கூடத்துப் பையனாக, சோழவரத்துக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போனவன் அவன். யுத்த காலத்து விமான ஓடுதளத்தைப் பந்தயப் பாதையாக மாற்றியிருந்தார்கள். வெயிலில், புழுதியில், வறுத்த கடலைப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, கார்கள் சீறிப் போவதை அவன் வாய் பிளந்து பார்த்தான். பிறகு அவன் எழுத்தாளனாகி, பஸ்ஸில் போய், பஸ்ஸில் வந்து, கிழவனும் ஆகிவிட்டான். கார் ஆசை மட்டும் கிழடாகவில்லை.

ஆசையை வெளியில் காட்ட வெட்கம். ஆகவே கணக்குப் பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டேன். ஒரு டைரி வாங்கினேன். தொட்டி நிரம்பப் பெட்ரோல் போடுவது, ஓடிய கிலோமீட்டரைக் குறிப்பது, மறுபடி நிரம்பப் போடும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுப்பது. இதற்கு நான் கூடவே போக வேண்டும் அல்லவா? போனேன். அதற்காகத்தான் டைரி என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும், சொல்லவில்லை.

ஊருக்குள் 8.7 வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓட்டச் சொன்னேன். 14 வந்தது. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. மருமான்தான் விளக்கினான். ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் பெட்ரோலை எரித்து வேகத்தை உண்டாக்குகிறோம். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்து அந்த வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். நின்றுகொண்டிருக்கும்போது கிலோமீட்டர் ஓடுவதில்லை, பெட்ரோல் மட்டும் ஓடுகிறது. சாலையில் சீராகப் போகும்போது இந்த இரண்டு தண்டமும் இல்லை.

"அப்படியானால் இன்னும் வேகமாகப் போனால் இன்னும் மிச்சமா?" என்று கேட்டேன்.

"அங்கேதான் காற்று வந்து மறிக்கிறது, மாமா. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு."

போதாக்குறைக்கு, அந்த எஞ்சினுக்குச் சாதாரணப் பெட்ரோல் ஆகாது. அப்போது சாதாரண ரகத்துக்கு ஆக்டேன் எண் 91. இதற்கு 95 வேண்டும். டர்போ வைத்து, காற்றை அடைத்து அழுத்தி வேலை செய்கிற எஞ்சின். மட்டமான பெட்ரோலை ஊற்றினால் அது வேளைக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். காரின் கம்ப்யூட்டர் உஷாராகித் தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிப் போடும். வேகமும் குறையும், லிட்டர் கணக்கும் குறையும். மாப்பிள்ளைக்கு மட்டும் தனி நெய் ஊற்றுவதுபோல, இதற்கு மட்டும் விலை கூடின பெட்ரோல். சென்னையில் அந்த வருஷம் சாதாரணப் பெட்ரோலே லிட்டர் ரூ. 102-க்கு மேல். என் கணக்கில் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் ஆயிற்று. ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டரை அவன் மிதிக்கும்போதும், "பன்னிரண்டு, பன்னிரண்டு" என்று நான் முணுமுணுப்பேன்.

ஆகஸ்டு மாதம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. கம்பெனிக் காகிதத்தை மேஜைமேல் பரப்பிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

அதில் இரண்டு பகுதி. ஒன்று, நம் காரால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடு. இது இல்லாமல் தெருவில் வண்டியை இறக்கவே சட்டம் விடாது. இதற்கு உரிய தொகையை எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். 2022 ஜூன் முதல் வந்த விகிதப்படி, 1,000 சி.சி. வரை ரூ. 2,094, 1,500 வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. மருமானின் கார் இரண்டாயிரம் சி.சி. அதே அளவு எஞ்சின் உள்ள, ஏழு பேர் ஏறும் குடும்ப வண்டிக்கும் அதே தொகைதான். பிரிட்டனில் பல காலம் கார்களை 1 முதல் 50 வரை வகை பிரித்து வந்தார்கள். ஓட்டுகிறவன் இளைஞனாக இருந்து, காரும் ஸ்போர்ட்ஸ் காராக இருந்தால், பிரீமியத்தைக் கேட்டே மயக்கம் போட வேண்டும். நம் சட்டத்துக்கு அந்தப் பேதம் தெரியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் அடுத்த வரியில் தீர்ந்தது. இரண்டாவது பகுதி, நம் காருக்கே நேரும் சேதத்துக்கு. அது காரின் மதிப்பைப் பொறுத்தது. புதிதாக வாங்கினால் 50 லட்சம். மூன்று வயது கடந்ததால் நூற்றுக்கு நாற்பது தள்ளி, 30 லட்சம் மதிப்பு. இதற்குப் பிரீமியம் தலையைச் சுற்றும். நல்ல வேளையாக மருமானிடம் ஒரு புண்ணியம் சேர்ந்திருந்தது. முன்பு வைத்திருந்த சின்னக் காரில் ஐந்து வருஷம் ஒரு பைசாக்கூடக் கேட்டு விண்ணப்பிக்கவில்லை. அப்படி இருந்தால் முதல் வருஷத்துக்கு நூற்றுக்கு 20, பிறகு 25, 35, 45, கடைசியில் 50 என்று தள்ளுபடி வளர்கிறது. அது காரைச் சேர்ந்தது அல்ல, மனிதனைச் சேர்ந்தது. காரை விற்றாலும் கூடவே வரும். ஒரே ஒரு தடவை ஈடு கேட்டால் போதும், விசுவாமித்திரர் தவம்போல அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும்.

எல்லாம் சேர்த்து, வரியும் போட்டு, ரூ. 84,000 வந்தது. கடைசியில் தனியாக ஒரு வரி இருந்தது: எஞ்சின் பாதுகாப்பு, ரூ. 6,000.

"இது என்ன?" என்றேன்.

"தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால், சாதாரண பாலிசியில் தரமாட்டார்களாம். அதற்குத் தனியாக."

"முழு காருக்கும் இன்ஷூரன்ஸ் செய்த பிறகு எஞ்சினுக்குத் தனியா? கல்யாணச் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு, சாதத்துக்குத் தனியாகக் கேட்பதுபோல் இருக்கிறதே!" என்று சொல்லி, என் பேனாவாலேயே அந்த வரியை அடித்தேன். மருமான் சற்று யோசித்தான். பெரியவர் சொல்கிறாரே என்று விட்டுவிட்டான்.

பிறகு சிரித்துக்கொண்டே என் டைரியை வாங்கி ஒரு கணக்கு எழுதினான். வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான். பெட்ரோல், கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இன்ஷூரன்ஸ், 14 ரூபாய். அடுத்த வருஷம் காரின் மதிப்பு 30 லட்சத்திலிருந்து 25 லட்சம் ஆகிவிடும். அந்த ஐந்து லட்சத்தை வகுத்தால் கிலோமீட்டருக்கு 83 ரூபாய்.

"மாமா, நீங்கள் பன்னிரண்டு ரூபாயைக் காவல் காக்கிறீர்கள். எண்பத்து மூன்று ரூபாய் பின்வாசல் வழியாகப் போகிறது" என்றான்.

"தெரிந்துமா வாங்கினாய்?"

"தெரிந்துதான் வாங்கினேன். எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியுமோ, அத்தனை நாள்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நான் அடித்த வரி கிலோமீட்டருக்கு ஒரே ஒரு ரூபாய் என்று அப்போது வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

டிசம்பர் மாதம் அவன் ஆபீஸ் காரியமாகப் புனாவுக்குப் போனான். சாவி என்னிடம். 3-ந் தேதி மழை பிடித்தது. புயல் கரை ஏறியது ஆந்திராவில். மழை கொட்டியது எங்கள் தலையில். தெருக்காரர்கள் சிலர் அன்று மாலையே கார்களை மேட்டில் கொண்டுபோய் விட்டார்கள். "நாளைக் காலையில் பார்க்கலாம்" என்று நான் படுத்துவிட்டேன்.

4-ந் தேதி காலை கீழே இறங்கியபோது முழங்கால் அளவு தண்ணீர். மற்ற கார்களுக்குச் சக்கரம் முழுகியிருந்தது. பூனைபோல் பதுங்கிய காருக்கு ஆசனமே முழுகியிருந்தது. மருமானுக்குப் போன் செய்து பார்த்தேன், கிடைக்கவில்லை. மின்சாரமும் இல்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எப்படியாவது வாசல் சரிவுக்காவது ஏற்றிவிடலாம் என்று கதவைத் திறந்து, தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

'டணார்' என்று ஒரு சத்தம். கார் ஒரு தடவை குலுங்கி நின்றது. புத்தி உள்ளவன் அத்துடன் விட்டிருப்பான். நான் மறுபடியும் அழுத்தினேன்.

நடந்தது என்ன என்று பிறகு மெக்கானிக் சொன்னார். எஞ்சினுக்குள் பிஸ்டன் அழுத்துவது காற்றை. காற்று சுருங்கிக் கொடுக்கும். தண்ணீர் சுருங்காது. தண்ணீர் நிரம்பிய சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தால், தண்ணீர் விட்டுக்கொடுக்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டுதான் வளையும். முழுகிய காரை அப்படியே விட்டு, இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை வடித்திருந்தால், எஞ்சின் பிழைத்திருக்கக் கூடும். கெடுத்தது வெள்ளம் அல்ல. பொத்தானை அழுத்திய விரல்.

விமான நிலையம் திறந்த பிறகு மருமான் வந்து சேர்ந்தான். அடுத்த வாரம் கம்பெனியின் சர்வேயர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் என் காதோடு, "யாரும் தொடவில்லை என்று சொல்லிவிடுங்கள், சார். எஞ்சின் தானாகப் போயிற்று என்றால் வாதாடலாம்" என்றார்.

சர்வேயர் இளைஞர், மரியாதையாகக் கேட்டார். "தண்ணீரில் நின்றபோது யாராவது ஸ்டார்ட் செய்தீர்களா, ஐயா?"

மருமான் என்னைப் பார்த்தான். அவன் என்ன சொல்லச் சொல்கிறான் என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. ஆயுளில் நான் எழுதின கதைகளில் எத்தனையோ பாத்திரங்களை இப்படி நிறுத்தி, சுலபமாக உண்மை பேச வைத்திருக்கிறேன். அவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

"நான்தான் செய்தேன். இரண்டு தடவை" என்றேன்.

ஆசனம், மின்சாரக் கம்பிகள் முதலியவற்றுக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. எஞ்சினுக்கு இல்லை என்று கடிதம் வந்தது. பாலிசியை எடுத்துப் படித்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. எஞ்சினைச் சரி செய்ய 11 லட்சம் என்றார்கள். ஐந்து வருஷப் புண்ணியமும் போயிற்று. அக்காள் இரண்டு மாதம் என்னுடன் பேசவில்லை.

காரை இருந்த நிலையிலேயே விற்றான். அவன் வாங்கியிருந்த கடனுக்கு அது போதவில்லை. பாங்கியில் நான் போட்டு வைத்திருந்த மூன்று லட்சத்தை எடுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். "வேண்டாம் மாமா" என்பான், நாலு தடவை வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் வாங்கி உள்ளே வைத்தான். மறுத்திருந்தால் அந்தப் பணம் என் மார்மேல் உட்கார்ந்திருக்கும். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

விற்ற அன்று இரவு பழைய டைரியைப் புரட்டினேன். அந்தக் காரில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போன தூரம் 1,126 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு என்ன ஆயிற்று என்று வகுக்க எடுத்தேன்; வகுக்கவில்லை.

2024-ல் அவன் ஒரு சின்னக் கார் வாங்கினான். ஐந்து பேர் உட்காரலாம். வந்தவர்கள் எல்லாரும், "லிட்டருக்கு எத்தனை?" என்று கேட்டார்கள். "பதினெட்டு" என்று அக்காள் பெருமையாகச் சொன்னாள். இன்ஷூரன்ஸ் காகிதத்தை மேஜைமேல் விரித்து, "பாருங்கள், மாமா" என்றான் மருமான். கடைசி வரியில் அதே எஞ்சின் பாதுகாப்பு இருந்தது. நான் என் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.