இடிந்த வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்!

இடிந்த வீட்டைக் கட்ட வேண்டுமென்றால், முதலில் முழு வீட்டைக் கட்ட வேண்டும். டயோரமா செய்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார்கள். படி எங்கே இருந்தது, அடுப்பு எந்த மூலையில், மாடியைத் தாங்கிய உத்தரம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தது என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் உடைக்க ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் அது இடிந்த வீடாக இருக்காது, கட்டி முடிக்காத வீடாகத்தான் இருக்கும்.

டயோரமா என்றால் வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு தெர்மகோலில் கிராமம், எரிமலை எல்லாம் செய்து எடுத்துப் போவோமே, அதன் ரொம்ப சீரியஸான அண்ணன். 1822-ல் பாரிஸில் டாகர் என்பவர் தன்னுடைய காட்சி அரங்குக்கு வைத்த பெயர் இது. பின்னாளில் புகைப்படக் கலையின் முன்னோடியானாரே, அதே டாகர்தான். இன்றைக்கு ராணுவ மாடல் செய்பவர்கள், கிட்டில் வரும் டாங்கியையும் சிப்பாய்களையும் ஒட்டி, பெயின்ட் அடித்து, ஒரு சின்ன நிலக்காட்சியில் நிறுத்துவதற்கு இந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

இதில் ரொம்பப் பிரபலமான அளவு 35-ல் ஒரு பங்கு. ஏன் 35 என்ற ஒற்றைப்படைக் கணக்கு? ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஓடக்கூடிய பொம்மை டாங்கி ஒன்றைச் செய்தது. அதற்குள் மோட்டாரும் பேட்டரியும் நுழைய வேண்டும். அப்படி நுழைத்த பிறகு அளந்து பார்த்தால் 35-ல் ஒரு பங்கு! அந்த பேட்டரி சைஸ்தான் இன்று உலகம் முழுக்க இத்தனை பேருடைய அளவுகோல்.

என் பலகை 30 சென்டிமீட்டர் சதுரம். நிஜத்தில் அது பத்தரை மீட்டர் நிலம். இரண்டு மீட்டர் கதவு 5.7 சென்டிமீட்டர். சிப்பாய் 5 சென்டிமீட்டர், என் சுண்டு விரல் உயரம்.

எந்த ஊர் வீடு? இத்தாலியில் சான் பியட்ரோ இன்ஃபினே என்ற மலையோரக் கிராமம். 1943 டிசம்பரில் அமெரிக்கப் படைக்கும் ஜெர்மன் படைக்கும் நடந்த சண்டையில் ஊரே தரைமட்டமானது. ஜான் ஹூஸ்டன் அதைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் அந்தத் தெருக்களைப் பார்க்கலாம். போருக்குப் பின் மக்கள் கொஞ்சம் தள்ளிப் புது ஊர் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய ஊரை இடிந்தது இடிந்தபடியே நினைவிடமாக விட்டுவைத்திருக்கிறார்கள். மாடல் செய்கிறவருக்கு இது பெரிய வசதி. அந்தச் சுவர் எப்படி உடைந்தது என்பதைக் கற்பனை செய்ய வேண்டாம், படத்தைப் பார்த்தால் போதும்.

நான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு மனிதர் வழியாக. அவர் பெயர் சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர். பாலம் போடுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி அகற்றுவது இந்தப் படையின் வேலை. இன்றைக்கும் ராணுவத்தில் இவர்களுக்கு ‘தம்பி’ என்றுதான் பெயர். 1944 பிப்ரவரி 24 அன்று, சான் பியட்ரோவுக்குப் பக்கத்து ஊரான மின்யானோ அருகே கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். மிதிபட்ட ஒரு வெடி வெடிப்பதற்குள் அதன் மேல் தன் உடலைப் போட்டு, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்துபோனார் சுப்பிரமணியன். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

எனவே திட்டம் இதுதான். ஒரு பாதை. கண்ணிவெடி தேடும் கருவியோடு ஒரு சாப்பர். பின்னணியில் ஓர் இடிந்த வீடு. வீடு வெறும் பின்னணிதான், ஒரு வாரத்தில் முடித்துவிட்டு சிப்பாய்க்கு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. இப்போது மூன்றாவது மாதம்!

சுவருக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கல் சுவர் என்பதால் 60 சென்டிமீட்டர் கனம் வைத்தேன். அளவைக் குறைத்தால் 17 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, முழுக்கக் காய்வதற்குள் ஊசியால் ஒவ்வொரு கல்லாகக் கீறியெடுக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு பாட்காஸ்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

ஓடுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தப் பக்கத்து ஓடு பாதிக் குழாய் மாதிரி வளைந்திருக்கும். நம்முடைய பழைய நாட்டு ஓட்டை அப்படியே உரித்து வைத்தது போல! தாளைப் பேனா ரீஃபிலில் சுற்றி ஒட்டி, காய்ந்ததும் நீளவாக்கில் வெட்டினால் ஓடு ரெடி. ஒன்றின் நீளம் 13 மில்லிமீட்டர். இதுவரை 400 வெட்டியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் உடைத்துக் கொட்டத்தான்.

உடைப்பதில் எனக்கு குரு, எங்கள் தெருவில் பழைய வீடுகளை இடிக்கும் மேஸ்திரி அண்ணன். போனில் படங்களைக் காட்டியதும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “மூலை கடைசியிலதாம்மா விழும். ரெண்டு சுவரும் ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு நிக்கும்ல” என்றார். விரிசல் ஜன்னல் மூலையிலிருந்துதான் கிளம்பும் என்றார். கூரை போனால் ஓடெல்லாம் வீட்டுக்குள்ளேதான் விழும், தெருவில் தேடாதே என்றார். இன்னொன்றும் சொன்னார்: நிற்கும்போது இருந்த இடத்தைவிட, விழுந்த சுவர் ஒன்றரை மடங்கு வரை இடத்தை அடைக்கும். பல மாடல்களில் முக்கால் வீடு காணாமல் போயிருக்கும், கீழே ஒரு கைப்பிடி கல் கிடக்கும். மீதி எங்கே போனது? இப்போது அப்படிப் படங்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

உடைந்ததையெல்லாம் சலித்துப் பிரிக்க வேண்டும். பெரிய கல், சின்னக் கல், தூள் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஃபெவிகாலில் சம அளவு தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விடும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். லிக்விட் சேர்க்காவிட்டால் பசை தூளின் மேலேயே உருண்டு நிற்கும். சலிக்க டீ வடிகட்டி ஒன்று தனியாக வாங்கியாயிற்று. வீட்டு வடிகட்டியை அம்மா ஒளித்து வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு இந்த வீட்டின் மீது ஆரம்பத்திலிருந்தே கோபம். “ஏண்டி, கட்டுறதுதான் கட்டுற, நல்ல வீடா ஒண்ணு கட்டக் கூடாதா? உடைஞ்ச கண்ணாடியையே வீட்ல வெச்சிக்க மாட்டோம். நீ உடைஞ்ச வீட்டையே நடு ஹால்ல வெச்சிருக்க.” வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். ஒரு நாள் துண்டை எடுத்துவிட்டு, அடுப்பு மூலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் புகைக்கரி படிந்த மாதிரி அன்றுதான் பெயின்ட் அடித்திருந்தேன்.

“இந்த வீட்டுக்காரங்க எங்க போனாங்க?”

சண்டை நடந்த நாட்களில் அந்த ஊர்க்காரர்கள் மலைக் குகைகளில் ஒளிந்திருந்தார்கள் என்று சொன்னேன்.

“டிசம்பர்லயா? குளிருமே. குழந்தைங்களோடயா?”

என் வேலையில் யுத்தப் படங்கள் வராத நாளே கிடையாது. 20 படங்களை வரிசைப்படுத்தி, கேலரி போட்டு, கேப்ஷன் எழுத வேண்டும். ‘இடிபாடுகளுக்கு நடுவே’ என்று கை தானாக டைப் செய்யும். வாசகர்களாகிய நீங்களும் விரலால் தள்ளிக்கொண்டே போவீர்கள், குறை சொல்வதற்கில்லை, நானும் அப்படித்தான் மற்ற தளங்களைப் பார்க்கிறேன். ஆனால், இந்த மூன்று மாதத்தில் என் கண் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு படத்தைப் பெரிதாக்கி, மாடிப்படி எந்தப் பக்கம் ஏறியிருக்கும், அது சமையலறைச் சுவரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடிட்டர் “கேலரி என்னாச்சு?” என்று கேட்கும் வரைக்கும்.

கதவை வைப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு நாள் போனது. போர்க்காலக் குளிரில் கதவும் உத்தரமும் விறகாகப் போய்விடும், ராணுவமும் எரிக்கும், ஊர்க்காரர்களும் எரிப்பார்கள். அதனால் கதவு இல்லை, சுவரில் துருப்பிடித்த கீல் மட்டும். டிசம்பரில் இடிந்த வீட்டில் பிப்ரவரி வரை மழை பெய்திருக்கும். எனவே, குவியலின் மேல் தூசி கிடையாது, சேறுதான். அதற்கு எங்கள் தோட்டத்து மண்ணைச் சலித்து, பழுப்பு அக்ரிலிக் கலந்தேன்.

வெடி வெடிக்கும் காட்சியைச் செய்யப்போவதில்லை. பஞ்சில் புகை, தூக்கியெறியப்படும் உடல் என்று அசத்தலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுப்பிரமணியனின் கடைசி நான்கைந்து விநாடிகளைப் பசை போட்டு ஒட்ட எனக்குக் கை வரவில்லை. அவர் செய்துகொண்டிருந்த வேலை போதும். தலை குனிந்து, கருவியைத் தரையோடு தரையாகப் பிடித்தபடி ஒரு சாப்பர் பாதையில் வருவார். அவருக்குப் பின்னால் கருவி தேடி முடித்த பாதையின் இரு ஓரமும் வெள்ளை நாடா.

இப்போது பாக்கி, கூரையின் வலது சரிவில் 90 ஓடுகள். சிப்பாய்க்கு பிரைமர் அடித்தாகிவிட்டது. முடிந்ததும் எங்கே வைப்பது என்று அம்மாவிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது. டி.வி ஸ்டாண்ட் கூடாது, பூஜை அலமாரி இருக்கும் அறை கூடவே கூடாது. பீரோ மேலே வைத்துக்கொள்ளலாமாம். குகையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்.

அதற்கு இந்தப் பலகையில் இடமில்லை. இன்னொரு பலகை வாங்க வேண்டும்.