கடைசியா வந்தவனுக்கு முதல் பந்தி

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? ரசம், மோர். பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நமுத்துப் போயிருக்கும். நமக்குத் தெரிஞ்ச உலக நியதி இதுதான். ஆனா அமெரிக்காக்காரன் ஒரு விளையாட்டில் இதைத் தலைகீழாக்கி வச்சிருக்கான். அங்கே கடைசியா வந்தவனுக்குத்தான் முதல் பந்தி. அதுவும் சும்மா இல்லை, லாட்டரி குலுக்கி!

இந்தச் சமாச்சாரத்தை எங்க செட்டுக்குள்ள இறக்குமதி பண்ணினவன் என் சித்தப்பா பையன். ஸ்ரீரங்கத்துல ஊரே விடியக்காலையில் பெருமாள் சேவிக்க எழுந்தா, இவன் மட்டும் கூடைப்பந்து பார்க்க எழுந்திருப்பான். அங்கே ராத்திரி மேட்ச், நமக்கு விடியக்காலை. என்.பி.ஏ. பத்தி எதைக் கேட்டாலும் சொல்லுவான். கேக்கலைன்னாலும் சொல்லுவான் :-)

அவன் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வர்ற புதுப் பசங்களை அங்கே ஏலம் விடறதில்லை. அணிகள் வரிசையா ஒவ்வொருத்தரா எடுத்துக்கணும். அதுக்குப் பேரு டிராஃப்ட். வரிசையில் முன்னாடி நிக்கிற உரிமை, அந்த வருஷம் பிளே ஆஃப் போகாம சொதப்பின 14 அணிகளுக்கு. அதுக்குள்ள யார் முதல் என்பதற்குத்தான் லாட்டரி. 1985-ல் ஆரம்பிச்சது. 14 பந்தைப் போட்டுக் குலுக்கி நாலு எடுப்பாங்க. மொத்தம் 1001 விதமா வரலாம். ஒண்ணைத் தள்ளிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. மோசமா ஆடினவனுக்கு அதிகச் சீட்டு.

"அப்போ எல்லாரும் வேணும்னே தோத்துட மாட்டானா?"ன்னு பேங்க்கில் ரிட்டயர் ஆன மாமா கேட்டார். கரெக்டான கேள்வி. தோத்தானுங்க. அதனால 2019-லிருந்து கடைசி மூணு அணிக்கும் ஒரே மாதிரி 14 சதவீதம்னு ஆக்கினாங்க. அதுக்கு முன்னாடி கடைசி அணிக்கு 25 சதவீதம். இப்படிப் பரவலாக்கினதில் 2025-ல் ஒரு கூத்து நடந்தது. 17 ஜெயிப்பு, 65 தோல்வின்னு கடைசியில் கிடந்த யூட்டா அணி அஞ்சாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வச்சிருந்த டல்லாஸுக்கு முதல் இடம் விழுந்தது, கூப்பர் ஃப்ளாக் என்கிற பையன் கிடைச்சான். அதே டல்லாஸ்தான் அந்த வருஷம் பிப்ரவரியில் தன்னோட நட்சத்திரம் லூகா டான்சிச்சைக் கொடுத்துட்டு ரசிகர்கள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது. கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொடுக்கிறதுன்னா இதுதான்!

நமக்கும் டல்லாஸுக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை 2015-ல் 52-வது ஆளா எடுத்தது அவங்கதான். இந்தியாவில் பிறந்து டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள். என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கலைங்கிறது வேற கதை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கூடைப்பந்து லாட்டரி பத்தி மலைக்கோட்டை அடிவாரத்தில் இவ்வளவு ஆராய்ச்சி ஏன் நடந்ததுன்னா, காரணம் சென்னை சூப்பர் கிங்ஸ். 2025 ஐ.பி.எல்.ல 14 ஆட்டத்தில் நாலே நாலு ஜெயிச்சு பத்தாவது இடம். சரித்திரத்திலேயே முதல் தடவையா கடைசி. அஞ்சு கோப்பை வாங்கின அணியைப் பார்த்தே வளர்ந்த பசங்களுக்கு அது எழவு வீடு மாதிரிதான் இருந்தது. அப்போ சித்தப்பா பையன் கொளுத்திப் போட்ட வெடிதான் இது: "என்.பி.ஏ. மாதிரி இருந்திருந்தா நமக்கு முதல் சாய்ஸ்டா!"

உடனே பட்டிமன்றம் ஆரம்பிச்சாச்சு.

மெடிக்கல் ஷாப் அண்ணன் கட்சி: ஏலம்தான் நியாயம். எல்லாருக்கும் ஒரே அளவு பணம், புத்தி இருக்கிறவன் பொழைச்சுக்குவான். மாமா கட்சி: கடைசியில் வந்தவனுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறதுதான் தர்மம். என் கட்சி, காபி வந்துடுச்சான்னு பார்க்கிறது.

ஆனா கணக்கைப் பாருங்க. 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். எட்டாவதா வந்த கொல்கத்தா கையில் 64.30 கோடி. பத்தாவதா வந்த சென்னை கையில் 43.40 கோடி. ஏன்னா ஐ.பி.எல்.ல கைப்பணம் நீங்க எத்தனையாவதா வந்தீங்க என்பதை வச்சு வர்றதில்லை. யாரைக் கழட்டி விட்டீங்க என்பதை வச்சு வருது. கடைசி இடத்துக்குன்னு தனியா ஒரு சலுகையும் கிடையாது.

இதில் 28.40 கோடியை ரெண்டே ரெண்டு சின்னப் பசங்களுக்குச் சென்னை கொட்டிக் கொடுத்தது. உத்தரப் பிரதேசத்து பிரசாந்த் வீர், ராஜஸ்தான் விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி. ரெண்டு பேருக்கும் ஆரம்ப விலை 30 லட்சம். இந்தியாவுக்கு ஆடாத பசங்களில் அதுவரைக்கும் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதுக்கு முன்னாடியே சஞ்சு சாம்சனுக்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பியாச்சு. "ஜடேஜா இருந்த இடத்துக்கு இருபது வயசுப் பையனா?"ன்னு அண்ணன் கொதிச்சார். "ஜடேஜாவும் ஒரு காலத்துல இருபது வயசுப் பையன்தான்யா"ன்னார் மாமா. அண்ணன்கிட்ட பதில் இல்லை.

சின்னப் பசங்களை முன்கூட்டியே கணிக்கிறது ஜோசியத்தை விடக் கஷ்டம். 2008-ல் ஐ.பி.எல். ஆரம்பிச்சப்போ 19 வயசுக்குட்பட்டோர் அணிப் பசங்களுக்கு ஏலம் இல்லை, டிராஃப்ட்தான். டெல்லி தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுட்டு பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூர் போனார். அன்னிக்கு டெல்லிக்கு வேகப்பந்து ஆள் தேவைப்பட்டது, கையில் பேட்ஸ்மேன்கள் நிறைய. அன்றைய கணக்குப்படி சரிதான். பதினேழு வருஷம் கழிச்சு அந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கிறது நமக்கு ஈஸி.

இப்போ இன்னும் கிட்டத்தில் வர்றேன். சென்னை தோத்ததுக்கு இவ்வளவு புலம்பறோமே, நம்ம ஊர் பேர்லயே ஒரு அணி இருக்கே, அது?

டி.என்.பி.எல். திருச்சி அணியைச் சொல்றேன். 2017-ல் ரூபி திருச்சி வாரியர்ஸ் என்ற பேரில் வந்தது. 2021-ல் இறுதி ஆட்டம் வரைக்கும் போய் சேப்பாக்கத்துகிட்ட 8 ரன்னில் தோத்தது. அதுதான் நம்ம உச்சம். 2023-ல் பேர் பால்சி திருச்சி. ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. முட்டை. இந்த 2023 ஏன் முக்கியம்னா, அதுவரைக்கும் டி.என்.பி.எல்.லிலும் டிராஃப்ட்தான். அந்த வருஷம்தான் முதல் முதலா ஏலத்துக்கு மாறினாங்க. ஒவ்வொரு அணிக்கும் 70 லட்சம். கோவை அதில் 21.60 லட்சத்தைத் தூக்கி சாய் சுதர்சன் ஒருத்தருக்கே கொடுத்தது. ஐ.பி.எல்.ல குஜராத் அவரை எடுத்தது 20 லட்சத்துக்கு! கோவை கோப்பை வாங்கிச்சு. சாய் சுதர்சன் 2025 ஐ.பி.எல்.ல 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி போட்டார், அதே வருஷம் டெஸ்ட்டும் ஆடிட்டார். அதே 70 லட்சத்தை வச்சுக்கிட்டு நாம எடுத்தது முட்டை. சம பணம் கொடுத்தா சம நியாயம்னு சொன்ன மெடிக்கல் ஷாப் அண்ணன் இந்த இடத்தில் போன் வந்த மாதிரி எழுந்து போயிட்டார் :-)

அடுத்த வருஷம் அமெரிக்கா மாதிரி டிராஃப்ட் வச்சிருந்தா முதல் உரிமை நமக்கு. யாரை எடுத்திருப்போம்? யார்க்கர் போடற இடதுகை வேகம்னான் சித்தப்பா பையன். கடைசி நாலு ஓவர் அடிக்கிற ஆள்னார் மாமா. அரை மணி நேரம் போச்சு. இதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்யுது. தோத்துக்கிட்டே இருக்கிற அணியின் ரசிகனுக்கு இன்னிக்குன்னு ஒண்ணும் இல்லை, அடுத்த வருஷம்தான் சொத்து.

இதையெல்லாம் கேட்டுக்கிட்டே ஒருத்தர் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தார். துவாக்குடி பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கிற நண்பர். அவர் பையனுக்கு 17 வயசு, இடதுகை சுழல். வெள்ளிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி சென்னை போய், அங்கே லீக் ஆட்டம் ஆடிட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே வண்டியில் திரும்பறான். திங்கட்கிழமை காலையில் ஸ்கூல். ரெண்டு வருஷமா இதே கதை. அவர் கேட்டார்:

"கடைசியில வந்த டீமுக்கு லாட்டரி இருக்குங்கிறீங்க. கடைசியில நிக்கிற ஊருக்கு ஏதாவது இருக்கா?"

யாரும் பேசலை.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கு மக்களே. திருச்சி பேரில் அணி உண்டு. ஆனா 2025 சீசன் வரைக்கும் திருச்சியில் ஒரு டி.என்.பி.எல். ஆட்டம்கூட நடந்ததில்லை. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்குது. சேலத்துக்குப் பக்கத்தில் வாழப்பாடியில் நடக்குது. நெல்லையில் சங்கர் நகரில் நடக்குது. நத்தமும் வாழப்பாடியும் நம்ம ஊரை விடப் பெரிய ஊர் இல்லை. அங்கே வெளிச்சக் கம்பம் இருக்கு, டி.வி.யில் காட்டற மாதிரி ஆடுகளம் இருக்கு, அவ்வளவுதான்.

2025-ல் திருச்சி கிராண்ட் சோழாஸ் நாலாவதா வந்து எலிமினேட்டர் ஆடினப்போ நாங்க விராலிமலை, துவரங்குறிச்சி வழியா நத்தம் போய்ப் பார்த்தோம். எதிரி திண்டுக்கல், அதுவும் அவங்க சொந்த மைதானத்தில். அஸ்வின் 3 விக்கெட் எடுத்துட்டு 83 ரன்னும் அடிச்சு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அதில் வருத்தம் இல்லை. அஸ்வின்கிட்ட தோக்கறதுக்கு என்ன வெட்கம்? ஆனா பவுண்டரிக்குப் பக்கத்தில் பந்து பொறுக்கிப் போட்டுக்கிட்டிருந்த நத்தத்துப் பொடிசுங்களைப் பார்த்தப்போதான் பொறாமையா இருந்தது. அஸ்வின் பந்தைப் பிடிக்கிற விரலை அவனுங்க இருபது அடியில் நின்னு பார்த்தான்.

சின்னப்பம்பட்டி நடராஜனை 2016 டி.என்.பி.எல்.ல யார்க்கர் போடறதைப் பார்த்துத்தான் 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2018 டி.என்.பி.எல். முடிஞ்சு அதே டிசம்பரில் வருண் சக்கரவர்த்திக்கு 8.40 கோடி. யாரோ பார்த்ததால் வந்தது ரெண்டும். திருச்சியில் பிறந்த ஆர்.சதீஷ் ஐ.பி.எல். ஆடியிருக்கார், திறமைக்கு இங்கே பஞ்சம் இல்லை. பார்க்கிறதுக்கு ஒரு ஜன்னல்தான் வேணும்.

அதனால என் தீர்ப்பு: டிராஃப்ட்டா ஏலமாங்கிறது ரெண்டாவது கேள்வி. லாட்டரியின் அடிப்படை என்ன? பின்னாடி நிக்கிறவன் எப்பவும் பின்னாடியே நிக்கக் கூடாது, அவன் ஊர்க்காரன் அடுத்த வருஷமும் டிக்கெட் வாங்கணும். அந்த நியாயத்தை வீரர்களைப் பங்கு போடறதில் மட்டும் ஏன் நிறுத்தணும்? வருஷா வருஷம் சொந்த மைதானம் இல்லாத ஊர்ப் பேரை எல்லாம் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கட்டும். (குடவோலை முறை நமக்குப் புதுசா என்ன?) சீட்டு விழுந்த ஊருக்கு ஆடுகளம் போட்டு ரெண்டு ஆட்டம் கொடுக்கட்டும். செலவு இருக்கு, தெரியும். யாரையும் குறை சொல்ல இதை எழுதலை. 1.8 சதவீதம் இருந்தாக்கூட நாங்க காத்திருப்போம்.

மாமா இதுக்கும் ஒரு ஆட்சேபணை வச்சிருக்கார்: "குடத்தில் எங்க பேர் வரலைன்னா அடுத்த ஊர்க்காரனுக்கு எங்க சீட்டையும் சேர்த்துக் கொடுத்துடணும், மாத்தி மாத்திக் குலுக்கினா நம்பிக்கை போயிடும்." பேங்க் புத்தி! அதைப் பின்னூட்டத்தில் அவரே வந்து விளக்குவார்னு நினைக்கிறேன்.

லேத் பட்டறை நண்பர் எதுவும் சொல்லலை. கிளம்பும்போது மட்டும், அடுத்த மாசத்து வெள்ளிக்கிழமைகளுக்கு ஸ்லீப்பர் டிக்கெட் போடணும், மொபைலில் எப்படின்னு காட்டிக் கொடுடான்னு சித்தப்பா பையனைக் கேட்டார். நாலு வெள்ளிக்கிழமையில் மூணு கன்ஃபர்ம். நாலாவது வெயிட்டிங் லிஸ்ட் 11.

உங்க ஊர்ல நிலைமை எப்படி? எழுதுங்க.