மறியற்காரன் காசு

பெரியப்பா வன்னிக்கு வந்தபோது அவரிடம் ஒரு சைக்கிளும் ஒரு றங்குப்பெட்டியும் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறியபோது, மற்றவர்கள் அரிசியும் நகையும் கட்டிக்கொண்டு நடக்க, இவர் பெட்டியில் பாதியைப் புத்தகங்களால் நிரப்பியிருந்தார். அதற்காகப் பெரியம்மா அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. தென்மராட்சியில் சில மாதம் இருந்துவிட்டு, கிளாலியில் வள்ளமேறி, வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். கேட்க ஆள் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை இரவுகளில் விறாந்தையில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு டிக்கன்ஸின் ‘கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். ஏன் ஒவ்வொரு நாளும் சொல்வதில்லை என்று கேட்டால், “டிக்கன்ஸும் 1860 டிசம்பரிலை தொடங்கி அடுத்த ஓகஸ்ட் மட்டும் தன்ரை சஞ்சிகையிலை கிழமைக்குக் கிழமைதான் எழுதினவர். அவருக்குக் கடதாசிக் கணக்கு, எனக்கு எண்ணெய்க் கணக்கு” என்பார்.

பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் அளந்து எரித்தோம். தாண்டிக்குளச் சோதனைச்சாவடியில் றோச் பற்றறியோடு பிடிபட்டவன் குற்றவாளி. அதனால், சதுப்பு நிலத்தில் தப்பி ஒளிந்திருந்த விலங்கு போட்ட மறியற்காரனுக்காக அநாதைச் சிறுவன் பிப் வீட்டில் அரமும் பன்றி இறைச்சிப் பணியமும் களவெடுத்துக் கொடுத்ததை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒளித்துக் கொண்டுபோவது எங்கள் ஊரில் நல்ல பிள்ளைகளும் செய்த வேலைதான். எங்களை வாய்பிளக்க வைத்தது வேறு. லண்டன் வக்கீல் ஜாகர்ஸ் ஒவ்வொரு கட்சிக்காரனும் போன பிறகு வாசனைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவாராம். “எத்தினை தரம் கழுவுவார்?” என்று தங்கச்சி திரும்பத் திரும்பக் கேட்டாள். பனங்காய்க் களியால் உடுப்புத் தோய்த்த வீட்டில் அந்த வக்கீல்தான் கதையிலேயே பெரிய பணக்காரன்.

படியில் இன்னொருவரும் இருந்து கேட்டார். எங்கள் வயலில் வேலை செய்தவர், அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் அப்பா அவரை ‘நீ’ என்பார். அவர் அப்பாவை ‘ஐயா’ என்பார். தேத்தண்ணிக்கு அவருக்கென்று ஒரு பேணி வெளியில் கொழுவியிருந்தது. ஏன் வெளியில் என்று நான் கேட்டதாக ஞாபகமில்லை. கேட்கத் தோன்றாதபடிதான் அது அங்கே தொங்கியது. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, 1977 கலவரத்தில் விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்களில் ஒருவர் அவர். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த எங்கள் நெல்லில் நாற்றிலிருந்து சூடடிப்பு வரை அவர் வீட்டார் கைபடாத மணி இல்லை. அந்த நெல் விற்ற காசில் என் சித்தப்பா கொழும்பில் படித்தார்.

பிப்பின் ஊர் கென்ற் என்றும், அங்கே ஆற்றில் நின்ற பழங்கப்பல்களில் மறியற்காரரை அடைத்து வைத்துப் பிறகு அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள் என்றும் பெரியப்பா சொன்ன இரவில் அவர் முதல்முறையாக வாய் திறந்தார்.

“கென்ட் பாமுங்களா ஐயா? நாங்க இருந்தோமே.”

பெரியப்பா சிரிக்கவில்லை. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லச் சொன்னார். முல்லைத்தீவின் தெற்கே மணலாற்றுப் பக்கத்தில் இருந்த கென்ற் பண்ணையும் டொலர் பண்ணையும் எனக்கு அன்றுதான் தெரியவந்தன. தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்களைக் காந்தியம் அமைப்பு அங்கே குடியேற்றியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் குடியேறியவர்களையும் வெளியேற்றினார்கள்.

“எங்கள வெரட்டிப்புட்டு மறியல்காரங்கள குடும்பத்தோட கொண்டாந்து வச்சாங்க” என்றார் அவர்.

கடல் கடந்து ஒரு கண்டத்தையே கைதிகளைக் கொண்டு பிடித்த பிரித்தானியரின் பழைய வித்தை எங்கள் காட்டுக்குள்ளும் நடந்திருக்கிறது. 1984 நவம்பர் 30 அன்று புலிகள் அந்த இரு பண்ணைகளையும் தாக்கினார்கள். கொல்லப்பட்ட அறுபதுக்கு மேற்பட்டவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்தப் பகுதியை நான் வளர்ந்த பிறகு படித்துத்தான் அறிந்தேன். அன்றிரவு விறாந்தையில் யாரும் அதைச் சொல்லவில்லை.

பிப்பை லண்டனில் பெரிய மனிசனாக்கிய காசு யாருடையது என்று வீட்டில் பந்தயமே நடந்தது. அம்மாவும் பெரியம்மாவும், கலியாணம் குழம்பிய நாளோடு மணிக்கூட்டை நிறுத்திவைத்த பணக்காரக் கிழவி மிஸ் ஹாவிஷாம்தான் என்று அடித்துச் சொன்னார்கள். படியிலிருந்தவர் மட்டும், “பெரிய வீட்டுக்காரங்க எங்கம்மா குடுப்பாங்க” என்றார். அந்தக் காசு நியூ சவுத் வேல்ஸில் ஆடு மேய்த்த அந்தச் சதுப்பு நிலத்து மறியற்காரன் மக்விச்சினுடையது என்று தெரிந்த சனிக்கிழமை அம்மாவுக்கு மனம் விட்டுப்போயிற்று. பிப்புக்கும் அப்படித்தான், தனக்கு வாழ்வு கொடுத்தவன் பக்கத்தில் வர அருவருத்தான். அவரோ அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்று கேட்டார்: “அங்க அந்தாளுக்குக் காணி எழுதிக் குடுத்தாங்களா ஐயா?”

எசமான் சாகும்போது காசு விட்டுப்போனார் என்று பெரியப்பா சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அப்படியொரு எசமானைக் கதையில்தான் பார்க்கலாம் என்பது போலச் சிரித்தார். மக்விச்சும் அவன் கூட்டாளி கொம்பேசனும் ஒரே வழக்கில் நின்றபோது, படித்த துரைபோல உடுத்திருந்த கொம்பேசனுக்கு ஏழு வருடம், மற்றவனுக்குப் பதினாலு என்றதும் அவர் ஆச்சரியப்படவில்லை. அப்பாதான், “அதெப்படி?” என்றார்.

எங்கள் காணியின் பின்மூலையில் அவர் குடிசை போட்டிருந்த துண்டுக்கு ஒரு கடிதமாவது எழுதிக் கொடுக்கலாமே என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டது அதற்குப் பிறகுதான். அப்பா, “பாப்பம்” என்றார். எங்கள் பகுதியில் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். போர் முடிந்த பின்னும் கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் பக்கங்களில் காணிப் பத்திரம் கேட்டு நின்றவர்களில் எத்தனையோ பேர் அவர் போல மலைநாட்டிலிருந்து வந்தவர்கள்.

1996 ஜூலைக் கடைசியில் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை தொடங்கியது. ஷெல் வட்டக்கச்சிப் பக்கம் விழ, நாங்கள் உழவு இயந்திரத்தில் தர்மபுரம் தாண்டி விசுவமடுவுக்குப் போனோம். அவர் குடும்பம் வேறு பக்கம் போயிற்று. ஒரு தறப்பாளின் கீழ்தான் பெரியப்பா கதையின் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். சட்டத்தை மீறித் திரும்பி வந்த மக்விச் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறைவேற முதலே செத்துப்போகிறான். அவன் தேடியதெல்லாம் அரசுக்குப் போய்விடுகிறது.

“உறுதி எழுதி வைச்சிருந்தா இப்பிடிப் போயிருக்குமே?” என்றார் பெரியம்மா. குற்றவாளியின் சொத்துக்கு உறுதி செல்லாது என்று பெரியப்பா சொன்னார். அம்மாவுக்கு அதில் அக்கறையில்லை. பிப்புக்குக் கடைசியில் என்ன தொழில் என்பதுதான் அவவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வெளிநாட்டில் ஒரு கம்பனியில் கிளாக் வேலை என்றதும், “அப்பாடா, பெடியனுக்கு ஒரு உத்தியோகம் கிடைச்சிட்டுது” என்றுவிட்டு உலை வைக்கப் போனா.