பங்கு இறைச்சியும் புகை அடுப்பும்

கோடை தொடங்கியதும் எங்கள் சபைக் குடும்பங்களின் பின்வளவுகளில் புகை அடுப்புகள் வெளியே வரும். சனிக்கிழமை விடியவே கரி மூட்டி, பன்றித் தோளை வைத்துவிட்டு, பின்னேரம்வரை கதைத்துக்கொண்டு காத்திருப்போம். ஆனால் இறைச்சி விலை ஏறும் வருடங்களில் முதலில் குறைவது விருந்தாளிகளின் எண்ணிக்கைதான். "இந்த முறை வீட்டு ஆக்கள் மட்டும்" என்ற வார்த்தையைப் பல வீடுகளில் கேட்கிறோம். அப்படி விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்த மாணவர்களும், நிலவறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களும்தான்.

ஆகவே வாலிபர் ஐக்கியத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, இந்த விலை ஏன் ஏறி இறங்குகிறது, அதற்குள் எப்படி மலிவாக வாங்கலாம் என்று கணக்குப் பார்த்தோம்.

ரொறன்ரோவில் பன்றி விலை பற்றிய பேச்சு மிகப் பழையது. இந்த நகரத்துக்கு 'ஹொக்டவுன்', அதாவது பன்றி நகரம், என்ற பட்டப்பெயர் நிலைத்ததற்கு வில்லியம் டேவிஸ் கொம்பனியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 1850களில் சென் லோறன்ஸ் சந்தையில் ஒரு சிறு கடையாகத் தொடங்கியவர், உப்பிட்ட பன்றி இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பும் பெரிய வியாபாரியானார். 1917 இல், போர்க்கால விலைவாசியால் நொந்திருந்த மக்கள், அந்தக் கொம்பனியின் தலைவராக இருந்த சேர் ஜோசப் பிளவெல் மீது கொதித்தெழுந்தார்கள். அவர் மெதடிஸ்ட் சபையில் பெயர்பெற்ற விசுவாசி. விசாரணைக்குப் பிறகும் அந்தக் கசப்பு அவர் பெயரை விட்டுப் போகவில்லை. மேசையில் வைக்கும் இறைச்சியின் விலை மக்களின் மனதை எவ்வளவு தொடும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

விலை ஆடுவதற்கு முதற்காரணம் பன்றியின் வளர்ச்சிக் காலம். சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். குட்டி பிறந்து சந்தை எடைக்கு வர இன்னும் ஆறு மாதம். விலை நன்றாக இருக்கிறது என்று இன்று பண்ணைக்காரர் தாய்ப்பன்றிகளைக் கூட்டினால், அதன் இறைச்சி கடைக்கு வரப் பத்து மாதம் செல்லும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூட்டினால், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விலை விழும். பிறகு பலர் குறைப்பார்கள், மறுபடி ஏறும்.

இரண்டாவது, வெளிநாட்டுச் சந்தை. கனடாவில் உற்பத்தியாகும் பன்றி இறைச்சியின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போகிறது. 2019 ஜூனில் சீனா கனடா இறைச்சியை நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்தது. 2025 மார்ச்சில் 25 வீத வரி போட்டது. நோயும் ஒரு காரணம். 2014 ஜனவரியில் குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு வைரஸ் ஒன்ராறியோப் பண்ணைகளுக்குள் வந்தது; அந்த வருடம் விலை ஏறியதைப் பெற்றோர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பண்ணையில் விலை இறங்கினாலும் கடையில் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே மலிவு விற்பனை வாரத்தைப் பிடிப்பதே எங்கள் கையில் உள்ளது.

வியாழக்கிழமைகளில் பல கடைகளின் புதிய விலைப் பிரசுரங்கள் வருகின்றன. இறாத்தல் விலை பெரிய எழுத்திலும் கிலோ விலை சிறிய எழுத்திலும் இருக்கும். ஒரு கிலோ 2.2 இறாத்தல். அதைவிட முக்கியமானது, கோப்பையில் விழும் இறைச்சிக்கு என்ன விலை என்பது. உதாரணமாக, எலும்போடு 8 இறாத்தல் தோள், இறாத்தல் 3 டொலர் என்றால் 24 டொலர். புகையில் நீரும் கொழுப்பும் வடிந்து, எலும்பும் கழிந்தால் ஏறத்தாழ 5 இறாத்தல் மிஞ்சும். தலைக்கு மூன்றில் ஒரு இறாத்தல் வைத்தால் 14 பேருக்குப் போதும். ஒருவருக்கு 1 டொலர் 70 சதம் அளவில் வரும். விலா எலும்பை இறாத்தல் 5 டொலருக்கு வாங்கினால், 3 இறாத்தல் துண்டு மூன்று பேருக்குத்தான் காணும். அங்கே ஒருவருக்கு 5 டொலர். 'லோயின்' எனும் முதுகுத் துண்டு சில வாரங்களில் தோளைவிடவும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் கொழுப்பு குறைவு. நீண்ட நேரம் புகையில் வைத்தால் காய்ந்துவிடும். உள்வெப்பம் 71 பாகை செல்சியஸ் வந்ததும் எடுத்து மெல்லிசாக வெட்ட வேண்டும்.

தோளுக்குப் பொறுமை வேண்டும். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து, அடுப்பை 110 முதல் 120 பாகையில் பிடித்தால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் செல்லும். 70 பாகை அளவில் உள்வெப்பம் ஏறாமல் மணிக்கணக்காக நிற்கும். இறைச்சியிலிருந்து ஆவியாகும் நீர் அதைக் குளிர்விப்பதே காரணம். அந்த நேரத்தில் கரியைக் கூட்டத் தேவையில்லை. 93 பாகைக்கு மேல் வந்தால் கையால் பிய்க்கலாம். மேப்பிள் விறகும், உப்பும் சீனியும் கலந்த யாழ்ப்பாணத்துத் தூளும் போதும். பாணுக்குள் வைத்து, தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டால் கடையில் வாங்கும் சோஸ் தேவைப்படாது.

ஊரில் ஆடு அடித்தால் பங்கு போடுவார்கள். அந்த வழக்கம் இங்கும் உதவுகிறது. ஒன்ராறியோவில் பல பண்ணைக்காரர் அரைப் பன்றியாக விற்கிறார்கள். பரிசோதனை உள்ள கொல்களத்தில் அறுத்து, வெட்டிப் பொதி செய்து தருவார்கள். நான்கு குடும்பம் சேர்ந்தால் ஒவ்வொரு வீட்டின் உறைபெட்டியும் தாங்கும். விலை எந்த எடைக்கு, வெட்டுக்கூலி தனியா என்று முன்பே கேட்பது நல்லது. கடையின் மலிவுத் தோளைவிட இது எப்போதும் குறைவாக இராது. ஆனால் விலாவும் வயிற்றிறைச்சியும் தோளும் ஒரே விலையில் வரும். கோடை முடிந்து கேள்வி குறையும் காலத்தில் வாங்கி உறையவைத்தால் சில மாதங்கள் நன்றாக இருக்கும்.

மேசைக்கு வருகிற எல்லோரும் பன்றி சாப்பிடுவதில்லை. லேவியராகமம் 11 ஆம் அதிகாரத்தையும் அப்போஸ்தலர் 10 ஆம் அதிகாரத்தையும் நாங்கள் அறிவோம். சாப்பிடுகிறவனும் சாப்பிடாதவனும் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்பது ரோமர் 14 இல் இருக்கிறது. இந்து உறவினரும் முஸ்லிம் அயலவரும் வரும் நாளில் கோழியைத் தனித் தட்டில், தனி அடுப்பில் வைப்போம். கோழிக் கால்களும் மலிவுதான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் கரி மூட்ட முடியாது. பின்வளவு உள்ளவர்கள் அடுப்பையும் இடத்தையும் தரட்டும். மற்றவர்கள் இறைச்சிப் பங்கையும் சம்பலையும் கொண்டுவரட்டும். அடுத்த அரைப் பன்றியில் இரண்டு பங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. விருப்பமானவர்கள் ஆராதனை முடிந்ததும் எங்களோடு கதையுங்கள். வரும்போது, புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் பெயரையும் சொல்லுங்கள்.