போட்டாச்சு

சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், கணக்கு, சண்டை, எல்லாம் போடுகிறோம். ஆடு குட்டி போடுகிறது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி எண்ணெய் போடுகிறோம். "அவரு நல்லா போட்டிருக்காரு" என்றால் குடித்திருக்கிறார். "ஆளப் போட்டுட்டானுங்க" என்றால் கொலை. இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு "போட்டாச்சு" என்று மட்டும் சொன்னால்? வீட்டில் பரவாயில்லை.

நான் வேலை செய்வது ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில். இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, ஆளுக்கொரு பூட்டை சுவிட்சில் மாட்டி, சாவியை அவரவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் இதற்குப் பெயர் லாக்அவுட். எங்கள் ஆட்கள் வாயில் "பூட்டுப் போடுறது". மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பது "சுவிட்ச் போடுறது". ஒன்று ஆளைக் காப்பாற்றும், மற்றது ஆளை எடுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே வினை.

போன வருடம் ஓர் இரவு ஷிப்டில் சங்கிலி சிக்கிக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்து இரண்டு வாரமே ஆன தம்பி கீழே குனிந்தபடி, "போட்டாச்சாண்ணே?" என்று கேட்டார். பேனல் பக்கம் நின்ற அண்ணன், பத்தொன்பது வருட சர்வீஸ், "போட்டாச்சு தம்பி" என்றார். தம்பி கேட்டது பூட்டை. அண்ணன் சொன்னது சுவிட்சை. ஓட்டிப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறார். இருவரும் பேசியது சுத்தமான தமிழ். அவசர நிறுத்தத்தை அழுத்தியது, தமிழே தெரியாத ஒரு நேப்பாளத் தொழிலாளி. பேனலில் விளக்கு எரிவதையும் தம்பியின் கை உள்ளே போவதையும் அவர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

விசாரணை அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. ஆங்கிலப் படிவம். மூல காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் எல்லாருக்கும் சுலபம். நான் இரண்டு காரணம் எழுதினேன்: தம்பிக்குச் சொந்தப் பூட்டு இன்னும் கொடுக்கப்படவில்லை, ஒரே சொல்லுக்கு எதிரெதிர் அர்த்தம். மேலாளர் இரண்டாவதைப் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே மொழிதானே?" என்றார்.

அவருக்குப் புரியும்படி மலாயில் சொல்லிப் பார்த்தேன். 'தூத்துப் சுவிஸ்' என்றால் சுவிட்சை அணைப்பது. 'தூத்துப்' என்றால் மூடு. ஆனால் மின் பொறியியலில் பிரேக்கரை மூடுவது என்றால் மின்சாரம் பாயவிடுவது. மூடினால் அணையுமா, பாயுமா? நான் 2004இல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தவன். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற கொள்கையின் பிள்ளை. மின்சுற்றை ஆங்கிலத்தில் படித்தேன், வீட்டில் விளக்கைத் தமிழில் போட்டேன், பக்கத்து வீட்டு மக்சிக் மலாயில் 'புக்கா' என்று திறந்தார். எங்கள் தலைக்குள் இந்தக் குழப்பம் ஏற்கெனவே ஒயரிங் செய்யப்பட்டிருக்கிறது.

ஆங்கிலம் மட்டும் யோக்கியமா? பயிற்சித் தாளில் 'அலாரம் கோஸ் ஆஃப்' என்றால் ஓடு என்று எழுதியிருந்தது. விளக்கு ஆஃப் ஆனால் அணைகிறது, அலாரம் ஆஃப் ஆனால் அலறுகிறது! 1994ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளிக்குத் தகவலும் பயிற்சியும் தரச் சொல்கிறது. எந்தச் சொல்லில் தருவது என்பதை நம்மிடம் விட்டுவிட்டது.

மேலாளர் சிரித்தார். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு. பூட்டு வாங்காதவர்களுக்குக் கடிதம் எதுவும் போகவில்லை.

லைனில் சொல்லை மாற்றியது ஆட்களே. மலாய்ச் சொல்லுக்குப் போகலாம் என்றார் ஒருவர். அங்கே 'குன்ச்சி' பூட்டும்தான், சாவியும்தான். இப்போது யாரும் "போட்டாச்சா" என்று கேட்பதில்லை. "சாவி யார்கிட்ட?" என்கிறார்கள். பதிலாகச் சாவியைத் தூக்கிக் காட்ட வேண்டும். நேப்பாளத் தோழருக்கும் இது புரிகிறது, அவர் ஊரில் 'சாபி'யாம். தம்பிக்கு மூன்றாவது வாரம் சிவப்புப் பூட்டு வந்தது. அண்ணன்தான் மார்க்கரால் அதில் பெயர் எழுதிக் கொடுத்தார், எழுத்துப்பிழையோடு.