கயிறு பிடித்தவர்

மனிதர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஒரு மைலோ டின், நாலு ஆரஞ்சு, ஹண்ட்ரட் பிளஸ் போத்தல். குதிரையைப் பார்க்கப் போனால் என்ன வாங்குவது? முதல் நாள் காரை எடுப்பதற்கு முன் மாமாவிடம் கேட்டேன்.

“கேரட் வாங்கிக்கட்டுமா மாமா?”

“ஒண்ணும் வேணாம்டா. அதுக்கு வாயில எதுவும் படக்கூடாது. சும்மா வா.”

மாமா என்பவர் அம்மாவின் அண்ணன். வயது 68. பதினேழு வயதில் குதிரை லாயத்துக்குள் போனவர், இன்னும் வெளியே வரவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தது ஜாலான் அம்பாங்கில், சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பழைய பந்தயத் திடலில். 1896இல் தொடங்கிய கிளப் அது. இன்று இரட்டைக் கோபுரம் நிற்பது அந்தத் திடலில்தான். நாம் செல்ஃபி எடுக்கும் இடத்தில்தான் விடியற்காலை ஐந்து மணிக்குத் தான் குதிரை நடத்தியதாக மாமா சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளப் சுங்கை பெசிக்கு மாறியபோது குதிரைகளோடு அவரும் மாறினார்.

அவருடைய வேலைக்குப் பெயர் சைஸ். அரபியில் பிறந்து, உருது, இந்தி வழியாக ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் வந்து சேர்ந்த சொல். குதிரையைக் குளிப்பாட்டுவது, தேய்ப்பது, தீனி வைப்பது, குளம்பைச் சுத்தம் செய்வது, நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் சைஸ்தான் செய்ய வேண்டும். பந்தயத்தில் ஜெயித்தால் படத்தில் குதிரை முதலாளி, பயிற்சியாளர், ஜாக்கி நிற்பார்கள். கயிறு பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பவர் சைஸ். மாமா வீட்டுச் சுவரில் அப்படி ஏழு படங்கள் மாட்டியிருக்கின்றன. எல்லாவற்றிலும் அவர் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேமராவை அல்ல.

ஓய்வு பெற்ற பிறகு காஜாங் பக்கம் ஒரு சிறிய குதிரையேற்றப் பள்ளியில் காலை வேலைக்குப் போகிறார். செவலை நிறப் பெட்டைக் குதிரை ஒன்று அங்கே இருக்கிறது. சின்ன வயதில் பந்தயம் ஓடியது, இப்போது பன்னிரண்டு வயது. பிள்ளைகள் ஏறிப் பழகுவதற்கு ஏற்ற பொறுமைசாலி. காகிதத்தில் அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. மாமாவுக்கு அது ‘செவல’.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செவல தீனியை விட்டுவிட்டது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. போன் வந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டு, “வண்டிய எடுடா” என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதன் உடம்பெல்லாம் வேர்வை. தாடைக்குக் கீழே விரலை வைத்து மாமா நாடி பார்த்தார். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு முப்பது, நாற்பதுக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருந்தது.

குதிரையின் வயிற்றைப் பற்றி அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அரை டன் எடையுள்ள அந்தப் பிராணியால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாசல் அவ்வளவு இறுக்கமானது, உள்ளே போனது அந்த வழியாகத் திரும்பி வராது. பெருங்குடலின் பெரும்பகுதி வயிற்றுச் சுவரோடு ஒட்டாமல் மடிந்து மடிந்து தொங்குகிறது. காற்று நிறைந்தால் அது இடம் மாறும், சில சமயம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டால் ரத்தம் போகாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வந்த மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்று செர்டாங்கில் உள்ள பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் இங்கேயே ஊசி என்றார். ஊசி என்றால் எந்த ஊசி என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளியின் முதலாளியம்மா அழுதுகொண்டிருந்தார். செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி, பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. அவர் மாமாவைப் பார்த்து, “அங்கிள், நீங்க சொல்லுங்க. என்ன செய்யலாம்?” என்றார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு “வெட்டச் சொல்லுங்கம்மா” என்றார்.

காரில் டிரெய்லரின் பின்னால் போகும்போதுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ குதிரைக்கு இப்படி வயிறு பிடித்திருக்கிறது, கால் ஒடிந்திருக்கிறது. ஒரு தடவைகூட யாரும் அவரைக் கேட்டதில்லை. முதலாளி போனில் சொல்வார், டாக்டர் ஊசியைத் தயார் செய்வார். “நா கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அதுவும் என்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்கும். கடைசி வரைக்கும்.”

குதிரையை மயக்கி, கால்களைக் கட்டி, பளு தூக்கும் சங்கிலியில் தொங்கவிட்டு, மேசையில் மல்லாக்கக் கிடத்துவார்கள். அதை எங்களுக்குச் சொன்னார்கள், நாங்கள் பார்க்கவில்லை. அறுவைக்குச் சமமான ஆபத்து மயக்கம் தெளியும் நேரத்திலும் இருக்கிறதாம். மெத்தை ஒட்டிய சுவர்கள் உள்ள அறையில் படுக்கவைத்திருப்பார்கள். இரையாக வாழ்ந்த இனம் அல்லவா, கண் விழித்ததும் அது எழுந்து ஓடத்தான் பார்க்கும். கால் இன்னும் தன் வசத்தில் இருக்காது. அப்போது விழுந்து கால் ஒடிந்தால் எல்லாம் வீண். விடியற்காலையில் மருத்துவர் வந்து “எழுந்து நிற்கிறது” என்று சொல்லும்வரை மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோப்பி வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது.

மறுநாளிலிருந்து தினமும் போனோம். செவல தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வயிற்றைச் சுற்றிக் கட்டு, கழுத்தில் சலைன், மூக்கில் குழாய். நேராகப் போன என்னை மாமா கையைப் பிடித்து இழுத்தார். “முன்னால போகாதடா. நெத்திக்கு நேரா அதுக்குக் கண்ணு தெரியாது. தோள் பக்கமா போ. பேசிக்கிட்டே போ.” அவர் பேசினார். என்ன பேசினார் என்பது முக்கியமில்லை. வாசலில் மழை, ரோட்டில் ஜேம், லாயத்தில் இன்னொரு குதிரைக்கு லாடம் மாற்றியது, இதெல்லாம்தான். நோயாளியிடம் நாம் பேசுவதும் ஏறக்குறைய இதுதானே.

பிறகு குனிந்து அதன் விலாவில் காதை வைத்தார். வயிற்றுக்குள் தூரத்து இடி மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் குடல் வேலை செய்யவில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் “லேசா” என்றார். அங்கிருந்த இளம் மலாய் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாம் நாள் நாங்கள் கார் பார்க்கிங்கில் இறங்கும்போதே அவர் தூரத்திலிருந்து கத்தினார்: “பாக்சிக்! சுடா பெராக்!” லத்தி போட்டுவிட்டது. ஒரு மனிதர் அந்தச் செய்தியைக் கேட்டு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் சிரிப்பில்லை. ஆபரேஷன் செலவுக்குப் பிள்ளைகளின் பெற்றோர் பணம் போட்டார்கள். மாமாவும் இரண்டாயிரம் வெள்ளி போட்டிருந்தார். அம்மாவுக்கு அது தெரிந்ததும் வெடித்தார். “முட்டி வலிக்கு டாக்டரப் பாருண்ணு சொன்னா காசில்லங்கிற. குதிரைக்கு ரெண்டாயிரமா? அது ஒன்னோட குதிரையா?”

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. மாமாவுக்குப் பென்ஷன் கிடையாது. சேமநிதிப் பணம் அத்தையின் டயாலிசிஸில் கரைந்தது. நம்மில் பலருடைய குடும்பத்தில் ஓர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் ஆள் ஒருவராவது இருப்பார். அவர் கண்ணெதிரில் ஒரு குதிரைக்கு வயிற்றைத் திறந்து குடலைச் சரிசெய்கிறார்கள் என்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாமாவும் வாதாடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “என்னையக் கேட்டாங்க. வெட்டச் சொன்னது நானு. சொல்லிட்டு சும்மா கைய கட்டிக்கிட்டு இருக்க முடியுமா?” என்றார்.

அவர் பணம் போட்டது குதிரைப் பாசத்தினால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாசம் இருக்கலாம். ஆனால் ஒரு உயிரைப் பற்றிய முடிவில் முதல் தடவையாக அவருடைய வார்த்தையும் கலந்திருந்தது. அந்த வார்த்தைக்கு உண்டான பாரத்தையும் அவரே சுமக்க நினைத்தார். செவல செத்திருந்தாலும் அந்த இரண்டாயிரத்தை அவர் கொடுத்திருப்பார்.

ஐந்தாம் நாள் வெளியே கொண்டுவந்து பத்து நிமிடம் புல் மேயவிட்டார்கள். கயிற்றை மாமாவிடம் கொடுத்தார்கள். அவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அது கடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். குனிந்து குளம்புக்கு மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். வயிற்று நோய் கண்ட குதிரைக்கு அடுத்து குளம்பு வீங்கும் ஆபத்து உண்டு, அதில் போன குதிரைகளை அவருக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் ஒரு மாதம் கொட்டிலுக்குள், கையில் பிடித்து நடத்துவது மட்டும். இரண்டாம் மாதம் சின்ன அடைப்பில். மூன்றாம் மாதம் திறந்த இடத்தில். அதன் பிறகுதான் பிள்ளைகளை ஏற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாமலும் போகலாம். சவாரிக்கு ஆகாத குதிரையை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். “தெரியலடா” என்றார். “அப்பவும் என்னையக் கேப்பாங்கன்னு நெனைக்கிறேன்.”

எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் மாமா தினமும் ஒரு கோடு போடுகிறார். இன்றோடு நாற்பத்தொரு கோடு. காலையில் லாயத்திலிருந்து திரும்பி, முட்டியைத் தேய்த்துக்கொண்டே பசியாற உட்கார்ந்தார். அம்மா தோசையை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்:

“இன்னிக்கு ஒழுங்கா லத்தி போட்டுச்சாண்ணே?”