சார்ஜ் ஏறும், டேட்டா ஏறாது

விடிஞ்சா ஃபைனல் ரிவ்யூ. லேபில் கெஞ்சி வாங்கிவந்த ஹெச்டிசி வைவ் கன்ட்ரோலர், சேலையூர் வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் கேட்டது. மைக்ரோ யூஎஸ்பி கேபிளைச் செருகினேன். சார்ஜ் லைட் எரிந்தது. ஸ்டீம்விஆர் மட்டும் கேபிளில் இணைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. போர்ட் மாற்றினேன், ரீஸ்டார்ட் பண்ணினேன், டிரைவரைத் திட்டினேன். ம்ஹூம்.

நீங்களும் இப்படி மாட்டினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்க. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நாலு கம்பி: சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. சார்ஜிங் கேபிள் சிலதில் டேட்டா கம்பியே இருக்காது. ஒரு போனை லேப்டாப்பில் செருகிப் பாருங்க. சார்ஜ் மட்டும் ஏறி, ஃபைல் எதுவும் தெரியலைன்னா அதுவா இருக்கலாம். தாம்பரத்தில் நான் வாங்கின ஐம்பது ரூபாய் கேபிள் அந்த ஜாதி. நாலு வருஷம் இசிஇ படிச்சவனுக்கு இது உறைக்க மணி மூணாச்சு!

அம்மா போனின் பழைய கேபிளைப் போட்டதும் அப்டேட் ஓடியது. அதைத் திருப்பித் தரவில்லை. அம்மா போன் இப்போ ஐம்பது ரூபாய் கேபிளில்தான் சார்ஜ் ஆகிறது.